பக்கத்து ஊர்ப் பகையும் டிவி பணமும்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பற்றிச் சில கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நான் வாஷிங்டன் மாநிலத்தில் இருப்பவன். எங்காவது ஒரு பக்கச் சாய்வு தெரிந்தால் அதுதான் காரணம்.

கேள்வி (மதுரை): கான்ஃபரன்ஸ் என்பது என்ன? எதற்காக மாறுகிறார்கள்?

சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் விளையாட்டுக் கூட்டமைப்பு. தங்களுக்குள் ஆடுவார்கள், சாம்பியன் பட்டம் கொடுப்பார்கள், டிவி உரிமையைச் சேர்ந்து விற்றுப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். மாறுவதற்கு முக்கியக் காரணம் இந்தக் கடைசி விஷயம்தான். 1984 வரை டிவி உரிமை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பின் பிடியில் இருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட, உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்தப் பிடியை விடுவித்தது. அப்புறம் அவரவர் சரக்கை அவரவரே விற்க ஆரம்பித்தார்கள். 2022-இல் பிக் டென் கான்ஃபரன்ஸ் போட்ட ஏழு வருட ஒப்பந்தம் சுமார் 7 பில்லியன் டாலர் என்று செய்தி வந்தது.

கேள்வி (சென்னை): பேக்-12 ஒரே நாளில் காலியாகிவிட்டது என்கிறார்களே?

ஒரே நாள் என்று சொல்ல முடியாது. ஆனால் கடைசி நாள் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. பேக்-12 என்பது 1915-இல் தொடங்கிய மேற்குக் கரைக் கான்ஃபரன்ஸ் பாரம்பரியம். 2012-இல் சொந்தமாக ஒரு டிவி நெட்வொர்க் ஆரம்பித்தார்கள். பெரிய ஒளிபரப்புக் கம்பெனி எதையும் கூட்டுச் சேர்க்கவில்லை. டைரக்ட் டிவி என்ற சாட்டிலைட் டிவி கம்பெனி அந்த நெட்வொர்க்கைக் கடைசிவரை எடுக்கவே இல்லை. 2022 ஜூன் 30-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு பல்கலைக்கழகங்களான யூ.எஸ்.சி.யும் யூ.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் போன பிறகு மிச்சமிருப்பதற்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்? அடுத்த ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஒளிபரப்பு உரிமைக்கு ஆப்பிள் கம்பெனி சந்தாதாரர் எண்ணிக்கையை வைத்துப் பணம் தருவதாகச் சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்ட் 4 காலை எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அன்றைக்கே ஒரெகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குப் போயின. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. செப்டம்பர் 1-ஆம் தேதி ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில் (ஏ.சி.சி.) சேர்ந்தன. இரண்டும் பசிபிக் கரையோரம் இருப்பவை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிஞ்சியது ஒரெகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும்.

கேள்வி (திருச்சி): அந்த இரண்டு மட்டும் ஏன்? தரம் குறைவா?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1862-இல் மோரில் சட்டம் என்று ஒன்று வந்தது. மத்திய அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதன் வருமானத்தில் விவசாயமும் பொறியியலும் சொல்லித்தரும் கல்லூரிகளை நடத்தச் சொன்னது. அதனால் பல மாநிலங்களில் இரண்டு பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள். ஒன்று வக்கீலையும் டாக்டரையும் உருவாக்கும். இன்னொன்று கோதுமை, மாடு, இயந்திரம் என்று போகும். முதலாவதில் படித்தவர்கள் இரண்டாவதை 'மாட்டுக் கல்லூரி' என்பார்கள். பதிலுக்கு அவர்கள் தலைக்கனம் பிடித்தவர்கள் என்று திட்டு வாங்குவார்கள்.

எங்கள் மாநிலத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் சியாட்டிலில் இருக்கிறது. வாஷிங்டன் ஸ்டேட் இருப்பது புல்மனில். மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போக வேண்டும். சுற்றிலும் பலூஸ் எனப்படும் கோதுமைக் குன்றுகள். கல்லூரிப் பால் பண்ணையிலேயே கூகர் கோல்டு என்ற செடார் சீஸ் செய்து தகர டின்னில் அடைத்து விற்கிறார்கள். 1940-களில் ஆராய்ச்சியாகத் தொடங்கியது. மாணவர்களும் அங்கே வேலை செய்கிறார்கள். சியாட்டிலில் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் அந்த டின் இருந்தால், அந்த வீட்டில் யார் எங்கே படித்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை. அந்தக் கல்லூரி வாசலை மிதிக்காத கிழக்குப்பக்க விவசாயி கூட அதன் அணியைத் 'நம்ம பசங்க' என்றுதான் சொல்வார்.

டிவி கம்பெனிக்கு இதெல்லாம் கணக்கில் வராது. சியாட்டில் பெரிய சந்தை, புல்மன் சிற்றூர். அவ்வளவுதான். ஆனால் அவர்கள் காசாக்குவதே இந்த அக்கம்பக்கத்துப் பகையைத்தான் என்பது என் வாதம். ஆப்பிள் கப் என்ற இவ்விரு அணிகளின் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் பெரும்பாலும் நவம்பரில் சீசனின் கடைசியில் நடக்கும். 2024-இல் அது செப்டம்பருக்கு வந்துவிட்டது. சியாட்டிலிலேயே நடந்தது. கடைசி நிமிடங்களில் கோல் கோட்டுக்கு ஒரு கஜம் இருக்கையில் வாஷிங்டனைத் தடுத்து நிறுத்தி 24-19 என்று வாஷிங்டன் ஸ்டேட் ஜெயித்தது. பிக் டென்னுக்குப் போன அணியை, விட்டுவிட்டுப் போகப்பட்ட அணி!

கேள்வி (கோயம்புத்தூர்): என் மகள் ஒரெகன் ஸ்டேட்டில் எம்.எஸ். சேரப் போகிறாள். பட்டத்தின் மதிப்பு குறையுமா?

குறையாது. தாராளமாக அனுப்புங்கள். விளையாட்டுத் துறையின் வரவு செலவு வேறு, அவளுடைய துறை வேறு.

கேள்வி (டல்லாஸ்): எங்கள் பக்கம் டெக்ஸஸும் டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது ஏன்?

இதுவும் அதே குடும்பச் சண்டைதான். ஏ அண்ட் எம் 1876-இல் திறந்த விவசாய, ராணுவப் பயிற்சிக் கல்லூரி. ஆஸ்டின் நகரில் இருக்கும் டெக்ஸஸ் பல்கலைக்கழகம் (சுருக்கமாக ஆஸ்டின் என்கிறேன்) 1883-இல் வந்தது. ஏ அண்ட் எம் ஆட்களை முட்டாளாக்கும் ஜோக்குகள் டெக்ஸஸில் தனி வகையாகவே இருக்கின்றன. 2011-இல் ஈ.எஸ்.பி.என். ஆஸ்டினுக்கு மட்டும் 20 வருடத்துக்கு 300 மில்லியன் டாலரில் தனி சானல் போட்டுக் கொடுத்தது. ஏ அண்ட் எம் பொறுக்க முடியாமல் 2012-இல் எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குக் கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டது. வருடா வருடம் நடந்த ஆட்டம் நின்றது. மறுபடி நடத்தச் சொல்லி மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா தாக்கல் செய்யும் அளவுக்குப் போனது. 2021-இல் ஆஸ்டினும் எஸ்.இ.சி.க்கே வருவதாக அறிவித்ததும் ஏ அண்ட் எம் தரப்புக்குக் கோபம். டெக்ஸஸிலிருந்து தாங்கள் மட்டும்தான் அங்கே இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. 2024 நவம்பர் 30 அன்று மீண்டும் மோதினார்கள். ஆஸ்டின் 17-7. கான்ஃபரன்ஸ் மாற்றம் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

கேள்வி (சேலம்): அரசியல்வாதிகள் சும்மா இருப்பார்களா?

இருக்கவில்லை. 2003-இல் ஏ.சி.சி. விரிவாக்கத்துக்கு வர்ஜினியா பல்கலைக்கழகத்தின் ஓட்டு தேவைப்பட்டது. ஆளுநர் மார்க் வார்னர் தலையிட்டார். மலைப்பக்கத்து வர்ஜினியா டெக்கையும் சேர்த்தால்தான் ஓட்டு என்று ஆனது, சேர்த்தார்கள். கலிஃபோர்னியாவில் யூ.சி.எல்.ஏ.வுக்கும் பெர்க்லிக்கும் நிர்வாகக் குழு ஒன்றே. விட்டுவிட்டுப் போனதற்காக மூன்று வருடம் வருடத்துக்கு 10 மில்லியன் டாலர் பெர்க்லிக்குக் கொடு என்று யூ.சி.எல்.ஏ.விடம் சொல்லிவிட்டார்கள். விவாகரத்து ஜீவனாம்சம் மாதிரி!

கேள்வி (அட்லாண்டா): தெற்கே எந்த அணி ஜெயித்தாலும் 'எஸ்.இ.சி., எஸ்.இ.சி.' என்று கத்துகிறார்களே?

1926-இல் ரோஸ் பவுல் என்ற புத்தாண்டு ஃபுட்பால் ஆட்டத்தில் அலபாமா 20-19 என்று வாஷிங்டனை வென்றது. வடக்கும் மேற்கும் தங்களைக் கேவலமாகப் பார்க்கின்றன என்று நினைத்திருந்த தெற்கு, அதைத் தன் மொத்தப் பகுதியின் வெற்றியாகவே கொண்டாடியது. ரயிலில் திரும்பிய அணியைப் பார்க்க ஸ்டேஷன்களில் கூட்டம் கூடியது. போட்டி அணிகளும் சேர்ந்து கத்தும் பழக்கத்துக்கு இந்த மனநிலைதான் வேர் என்று நினைக்கிறேன். தொழில்முறை அணிகளும் அங்கே தாமதமாகத்தான் வந்தன. அட்லாண்டா ஃபால்கன்ஸே 1966-இல்தான் ஆடத் தொடங்கியது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பெருமை அப்போது வெள்ளையர்களுக்கு மட்டுமே. அலபாமா அணியில் முதல் கறுப்பின வீரர் களமிறங்கியது 1971-இல்.

கேள்வி (நியூ ஜெர்சி): மற்ற விளையாட்டுப் பிள்ளைகள் பாடு?

பாவம் அவர்கள்தான். ஃபுட்பால் வாரத்துக்கு ஒரு ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமை. வாலிபால், சாஃப்ட்பால் அணிகள் வார நாளிலும் ஆட வேண்டும். பிக் டென்னில் இருக்கும் உங்கள் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். திரும்பி வந்து காலையில் பரீட்சை எழுத வேண்டும்.

கேள்வி (சியாட்டில்): பேக்-12 மறுபடி வருகிறதாமே?

ஆமாம். மிஞ்சிய இரண்டும் கோர்ட்டுக்குப் போய் கான்ஃபரன்ஸின் நிர்வாகத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டன. பாய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்ஸஸ் ஸ்டேட், ஃபுட்பால் இல்லாத கொன்ஸாகா ஆகியவை 2026 ஜூலையில் சேர்வதாக ஏற்பாடு. புல்மனிலிருந்து பாய்சி காரிலேயே போகிற தூரம்தான். அங்கே பகை சீக்கிரம் வளரும். டெக்ஸஸ் ஸ்டேட்டைத் திட்டக் கற்றுக்கொள்ளத்தான் கொஞ்ச காலம் பிடிக்கும்.