மேல்தொட்டி சொல்வது மோட்டாருக்குக் கேட்கவில்லையா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மேல்தொட்டியின் நீர்மட்டம் லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் சின்னச் செய்திகளைத் தூரத்துக்கு அனுப்பும் கம்பியில்லா முறை) வழியாகக் கீழே மோட்டார் அறைக்கு வருகிறது. லிஃப்ட் மேல்மாடியில் நிற்கும்போதெல்லாம் செய்தி வருவதில்லை. தனியாக ஒரு 'பிழை திருத்தும் பெட்டி' வைத்தால் சரியாகும், ₹18,000 என்கிறார் கருவி மாட்டியவர். வராததைத் திரும்ப அனுப்ப வைத்தால் போதாதா?
– சங்கச் செயலாளர், பெரும்பாக்கம்

பதில்: போதும். பெட்டி வாங்காதீர்கள்.

பிழை திருத்தம் என்றால், செய்தியோடு சில உபரி பிட்களையும் (பிட் என்பது 0 அல்லது 1) சேர்த்து அனுப்புவது. வழியில் ஒன்றிரண்டு பிட் கெட்டாலும் வாங்குகிற பக்கமே கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். 1950-ல் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஹாமிங் எழுதிக் காட்டிய வித்தை. உங்கள் சிக்கல் வேறு. இரும்புக் கூண்டு குறுக்கே நிற்கிறது, செய்தியே வந்து சேரவில்லை. வராததில் எதைத் திருத்துவது?

இன்னொன்று, அந்த வித்தை உங்கள் லோரா சிப்புக்குள் ஏற்கெனவே இருக்கிறது. 4/5 முதல் 4/8 வரை ஓர் அமைப்பு உண்டு. 4/8 என்றால் நான்கு பிட்டுக்கு நான்கு உபரி. புரோகிராமில் ஓர் எண்ணை மாற்றுகிற வேலை, காசில்லை. ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிப்பில் உள்ளதையே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். சங்கங்களும் மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்ததில் கையெழுத்துப் போடுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க ஆளில்லை.

திரும்ப அனுப்ப ஒரே நிபந்தனை, கீழேயிருந்து 'வந்தது' என்று பதில் போக வேண்டும். டி.டி.எச். போல ஒருவழிப் பாதை என்றால் பிழை திருத்தத்தைத்தான் நம்ப வேண்டும். உங்களுடையது இருவழி. பதில் வராவிட்டால் உடனே அனுப்பாமல், லிஃப்ட் நகர நேரம் கொடுத்து, பத்து விநாடி கழித்து அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் பழைய அளவை அல்ல, அந்த நேரத்து அளவை.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுந்திருக்கிறார்கள். செய்தி போய்ச் சேர்ந்து, 'வந்தது' என்ற பதில் மட்டும் தொலைந்தால்? மேலே இருக்கும் கருவி, செய்தி போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். நீர்மட்டத்துக்குப் பதில் கட்டளையே மேலிருந்து வந்து, அது 'மோட்டார் நிலையை மாற்று' என்றிருந்தால், முதல் தடவை மோட்டார் ஓடும், இரண்டாம் தடவை நின்றுவிடும். நான் பார்த்த ஒரு குடியிருப்பில் சம்ப் நிறைய லாரித் தண்ணீர், மேலே தொட்டி காலி. மூன்று நாள் மோட்டாரைக் கழற்றி மாட்டினார்கள், பாவம். அதனால் 'மோட்டார் ஓடட்டும்', 'மோட்டார் நிற்கட்டும்' என்று தனித்தனிக் கட்டளையாக வையுங்கள். எத்தனை முறை வந்தாலும் கெடுதலில்லை. செய்திக்கு வரிசை எண்ணும் போட்டால், வந்ததே மறுபடி வந்தால் கீழே தெரிந்துவிடும்.

அப்புறம், ஐந்து நிமிடம் எந்தச் செய்தியும் வராவிட்டால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் லிஃப்டை மேல்மாடியில் நிறுத்தி, இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.