கொலைகாரன் யாருன்னு தெரியறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க

கேள்வி: நாவல், துப்பறியும் கதைன்னு நிறைய படிக்கிறேன், ஆனா ஆறு மாசத்துல எல்லாம் மறந்து போயிடுது. படிச்சதைப் பத்தி ஒரு நோட்டு போட்டு எழுதி வெச்சா பிரயோஜனம் இருக்கா? அதுல என்னதான் எழுதறது?

ஒரே புத்தகத்தை ரெண்டு தடவை காசு குடுத்து வாங்கின ஆள் நான். அதனால இதுக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கு.

2009-ல சென்னைல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயித்துக்கிழமை திருவல்லிக்கேணி பாரதி சாலை ப்ளாட்பாரத்துல பழைய புத்தகம் கொட்டிக் கிடக்கும்ல, அங்க துழாவினதுல அகதா கிறிஸ்டியோட 'டெத் இன் தி ஏர்' கிடைச்சுது, அட இதை நாம படிச்சதே இல்லையேன்னு பேரம் பேசி 40 ரூபாய்க்கு வாங்கி, சிதம்பரம் திரும்பறப்ப பஸ்ல பிரிச்சேன். பாரிஸ்லேர்ந்து கிளம்பி லண்டன் பக்கம் வர்ற விமானம், கிறிஸ்டியோட துப்பறியும் நிபுணர் போய்ரோவும் அதுல ஒரு பயணி, பின்னாடி சீட்டுல ஒரு அம்மா செத்துக் கிடக்கறாங்க, எங்கேருந்தோ ஒரு குளவி பறக்குது. குளவி வந்ததும் என்னையே கொட்டின மாதிரி இருந்துச்சு. இது வீட்டு அலமாரில இருக்கற 'டெத் இன் தி கிளவுட்ஸ்' ஆச்சே! 1935-ல வந்த ஒரே நாவலுக்கு இங்கிலாந்துல ஒரு பேர், அமெரிக்காவுல ஒரு பேர். கிறிஸ்டி புத்தகம் நிறைய இப்படித்தான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' கூட அமெரிக்காவுல 'மர்டர் இன் தி கலே கோச்'னு வந்திருக்கு.

40 ரூபாய் போனா போகுது. அதைவிடக் கேவலம் என்னன்னா, குளவி ஞாபகம் இருந்துச்சு, கொலைகாரன் யாருன்னு ஞாபகம் இல்ல. சரி கையில வேற புத்தகமும் இல்லன்னு கடைசி வரைக்கும் படிச்சேன். மறுபடியும் தப்பான ஆள் மேலதான் சந்தேகப்பட்டேன். போன தடவையும் இதே ஆளைத்தான் சந்தேகப்பட்டேனா, வேற ஆளையான்னு தெரிஞ்சுக்க வழியே இல்ல பாருங்க, அதுதான் உறுத்துச்சு. அன்னிக்கு ராத்திரியே ஒரு நோட்டு எடுத்தேன்.

ஆனா முதல் ரெண்டு வருஷம் எழுதினது முழுக்க வேஸ்ட்டு. பேர், எழுதினவர், படிச்ச தேதி, நாலு வரி கதைச்சுருக்கம், அஞ்சுக்கு எத்தனை ஸ்டார். இப்ப அதைப் புரட்டினா சிரிப்புதான் வருது. 'நல்ல விறுவிறுப்பு. எதிர்பாராத முடிவு. 4 ஸ்டார்.' அடுத்த பக்கம், 'விறுவிறுப்பா போகுது, நடுவுல கொஞ்சம் தொய்வு, எதிர்பாராத முடிவு. 4 ஸ்டார்.' இப்படியே முப்பது நாற்பது பக்கம். பஸ் ஸ்டாண்ட் கடைல வாங்கின ராஜேஷ்குமார் மாத நாவலுக்கும் அதே வரி, ஷெர்லாக் ஹோம்ஸுக்கும் அதே வரி. அப்படி எழுதினதுல பாதி புத்தகம் எந்தக் கதைன்னே இப்ப எனக்குத் தெரியல.

கதைச்சுருக்கம் பின் அட்டைலயே இருக்கு, நெட்டுலயும் இருக்கு, அதை எதுக்கு நாம கை வலிக்க எழுதணும்? எங்கேயும் கிடைக்காதது ஒண்ணுதான், படிக்கறப்ப உங்க மண்டைக்குள்ள என்ன ஓடுச்சுங்கறது. அதுவும் முடிவு தெரியறதுக்கு முன்னாடி ஓடினது. தெரிஞ்சப்புறம் எழுதினா நம்ம மனசு மாதிரி ஃப்ராடு கிடையாது, 'எனக்கு அப்பவே டவுட்டு'ன்னு கூசாம சொல்லும்.

அதனால நான் இப்ப பண்றது என்னன்னா, முக்கால்வாசி ஆனதும் புத்தகத்தை மூடி வெச்சுடுவேன். 300 பக்கம்னா ஒரு 220, 225. மாத நாவல்னா அதுவே நூத்துச் சொச்சம் பக்கம்தான், 70-லயே நிறுத்திடணும். நிறுத்திட்டு, யாரு, ஏன், எது இடிக்குது, அவ்ளோதான் எழுதுவேன். எல்லரி குயின்ங்கற பேர்ல வந்த பழைய அமெரிக்கத் துப்பறியும் நாவல்கள்ல இந்த வேலையை அவங்களே பண்ணி வெச்சிருப்பாங்க, 1929-ல வந்த முதல் நாவல்லேர்ந்தே ஒரு இடத்துல கதையை நிறுத்திட்டு, எல்லாத் தடயமும் இப்ப உங்க கைல இருக்கு, முடிஞ்சா கண்டுபிடிங்கன்னு வாசகரைப் பாத்து சவால் விட்டு ஒரு பக்கம் வரும். அந்தப் பக்கம் வந்தா ஒரு காபி போட்டுட்டு நோட்டோட உக்காந்துட வேண்டியதுதான். மத்த புத்தகத்துக்கு நம்ம கைதான் காவல். நிறுத்தறது கஷ்டம், அதை ஒத்துக்கறேன். ராத்திரி 11 மணிக்கு 220-ம் பக்கத்துல மூடிட்டுப் படுத்தா தூக்கம் வராது.

என் நோட்டுல ஒரு பக்கத்தை அப்படியே தர்றேன், புத்தகம் பேரைச் சொல்ல மாட்டேன், உங்களுக்குக் கெட்டுடும்:

'14.6.2013. பக்கம் 218. டாக்டர்தான். செத்த நேரம் என்னன்னு அவர் ஒருத்தர்தான் சொன்னாரு, வேற யாரும் பாடியைப் பாக்கல. கடிகாரம் நின்னு போனது சும்மா பந்தா. அந்த வேலைக்காரப் பொண்ணு ராத்திரி தண்ணி எடுக்க ஏன் மாடிக்கு வந்தான்னு இன்னும் சொல்லல.'

கீழ வேற இங்க்ல, ரெண்டு நாள் கழிச்சு: 'தப்பு. தண்ணி எடுக்க வந்தவதான். நானே எழுதிட்டு நானே விட்டுட்டேன்!!!'

இந்த ரெண்டாவது இங்க்தான் நோட்டு. மத்ததெல்லாம் அதுக்கு அலங்காரம். போன வருஷம் லீவுல உக்காந்து எண்ணிப் பாத்தேன், மொத்தம் 61 கெஸ், அதுல சரியா வந்தது 14. டாக்டர் மேல மட்டும் 11 தடவை சந்தேகப்பட்டிருக்கேன், ரெண்டு தடவைதான் டாக்டர். (எனக்கு டாக்டருங்க மேல ஒரு பழைய கோவம் உண்டு, அது வேற கதை.) ஆனா மனசுக்குச் சங்கடமா இருந்தது வேற ஒண்ணு. சமைக்கறவங்க, கார் ஓட்டறவங்க, தண்ணி கொண்டு வர்றவங்க, இவங்க யாரையும் நான் ஒரு தடவை கூட சந்தேகப்படல. நல்ல மனசுன்னு நினைச்சுடாதீங்க. அவங்க ரூமுக்குள்ள வந்துட்டுப் போறதை நான் கண்ணாலயே பாக்கல, அவ்ளோதான். எழுதறவங்களுக்கு என்னை மாதிரி ஆளுங்களை நல்லாத் தெரியும் போல. ஸ்டார் போட்டுட்டு இருந்திருந்தா இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சிருக்கவே இருக்காது.

கெஸ் பண்ண ஒரு சின்ன உதவி சொல்றேன். ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு பாதிரியார், அவரே துப்பறியும் கதை எழுதினவர், 1929-ல இந்த மாதிரிக் கதைகளுக்குப் பத்துக் கட்டளை போட்டாரு, அதுல முதல் கட்டளையே குற்றவாளி கதையோட ஆரம்பப் பகுதியிலேயே வந்துடணும்ங்கறதுதான். அதனால முதல் அம்பது பக்கத்துல தலை காட்டற எல்லார் பேரையும், தோட்டக்காரன் உட்பட, அந்த நோட்டோட இடது பக்கத்துல எழுதிடுவேன். வலது பக்கம் கெஸ்ஸுக்கு. விமானம், ரயில் பெட்டி, வீட்டு மாடின்னு புத்தகத்துல ப்ளான் போட்டிருந்தா அதையும் கையால வரைஞ்சுக்கோங்க, வரையறப்பதான் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னே புரியும்.

பேர் லிஸ்ட் துப்பறியும் கதைக்கு மட்டும் இல்ல. ரஷ்ய நாவல் பக்கம் போனா லிஸ்ட் இல்லாம செத்தோம். 'குற்றமும் தண்டனையும்' படிக்கறப்ப ரஸ்கோல்னிகோவ், ரோதியோன் ரொமானோவிச், ரோத்யா மூணு பேரும் ஒரே ஆள்னு பிடிபடவே எனக்கு நாளாச்சு. நடுவுல வர்றது அப்பா பேரு, நம்ம இனிஷியல் மாதிரின்னு லிஸ்ட்ல எழுதினப்புறம் சுலபமாயிடுச்சு. அதுல யார் கொன்னாங்கங்கறது ஆரம்பத்துலயே தெரிஞ்சுடும், அதனால கெஸ்ஸுக்குப் பதிலா, இவன் எந்தப் பக்கத்துல ஒத்துக்கப் போறான்னு எழுதி வெச்சேன். அதுவும் தப்பு.

இந்த நோட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கம் 'பொன்னியின் செல்வன்'. அதை யாரும் துப்பறியும் கதைன்னு சொல்றதில்ல, ஆனா யோசிச்சுப் பாருங்க, அஞ்சு பாகம், கடம்பூர் மாளிகைல ஆதித்த கரிகாலன்னு ஒரு இளவரசன் சாகறான், கூட இருந்தவன் மேல பழி விழுது, கடைசி வரைக்கும் கல்கி இவர்தான்னு அடிச்சுச் சொல்லவே இல்ல. 1950-லேர்ந்து 1954 வரைக்கும் வாராவாரம் படிச்சவங்க எப்படித்தான் பொறுத்துக்கிட்டாங்களோ. காலேஜ்ல படிச்சப்ப எனக்கு நந்தினிதான், வேற பேச்சே இல்ல. 2012-ல நோட்டோட படிச்சப்ப 'பெரிய பழுவேட்டரையர், கத்தி அவரோடது'ன்னு எழுதியிருக்கேன். 2022-ல படம் வரப்போகுதுன்னு மறுபடி எடுத்தேன், அப்ப எழுதினது 'கரிகாலன் செத்துப் போகத்தான் கடம்பூருக்கே வந்தான், கத்தி யாரோடதா இருந்தா என்ன.' மூணுமே நான்தான். எது சரின்னு கேட்டா இன்னிக்கு நாலாவதா ஒண்ணு சொல்லுவேன்.

எங்க ஊர்லேர்ந்து காட்டுமன்னார்கோயில் பக்கம்தான், அதனால ஒரு நாள் நோட்டைத் தூக்கிட்டு உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலுக்கே போயிட்டேன். அங்கதான் அந்தக் கல்வெட்டு இருக்கு, ராஜராஜனோட 2-ம் ஆட்சியாண்டு, கரிகாலனைக் கொன்ன துரோகிங்கன்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேர் சொல்லி, அவங்க சொந்தக்காரங்க நிலத்தையெல்லாம் பறிச்சது பத்திச் சொல்லுது. கல்கி அந்தப் பேர்களை அங்கேருந்துதான் எடுத்திருக்காரு. இதுலயும் கேஸ் முடியல பாருங்க, நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல சந்தேகப்பட்டாரு, சதாசிவ பண்டாரத்தார் அதெல்லாம் இல்லன்னு மறுத்தாரு. வரலாற்று ஆசிரியருங்களுக்கே கெஸ் ஒத்துப் போகலங்கறப்ப எனக்கு 61-ல 14 வந்தது மோசமில்ல. கல்வெட்டை நேர்ல பாத்தேன், சத்தியமா ஒரு எழுத்து புரியல, விரலால காத்துல தடவிப் பாத்துட்டு வீராணம் கரை வழியா திரும்பி வந்தேன். கதை ஆரம்பிக்கறதே அந்தக் கரையிலதான, வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்னிக்குக் குதிரைல வருவானே. நான் டவுன் பஸ்ல வந்தேன்.

இன்னொண்ணு, எழுத்தாளர் பண்ற தப்பும் நோட்டுல மாட்டும். ஷெர்லாக் ஹோம்ஸோட நண்பர் டாக்டர் வாட்சனுக்குக் குண்டு பட்டது 1887-ல வந்த முதல் கதைல தோள்ல, 1890-ல வந்த ரெண்டாவதுல கால்ல. நோட்டைப் பாத்து இதை நானே கண்டுபிடிச்சேன்னு ஒரு வாரம் குதிச்சுட்டு இருந்தேன். உலகமே இதைப் பத்தி எப்பவோ சண்டை போட்டு முடிச்சிருக்கு. பரவாயில்ல, நான் கண்டுபிடிச்சது நான் கண்டுபிடிச்சதுதான்.

வீட்ல வேற யாராவது படிக்கறவங்க இருந்தா ஜாக்கிரதை. எங்க அத்தை, அதாவது மாமியார், மாத நாவல் எல்லாம் ஒண்ணு விடாம படிப்பாங்க. ஒரு நாள் டேபிள்ல கிடந்த நோட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு, "ஏம்மா, இவன்தான் கொன்னான்னு கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருக்கியே, இன்னிக்கு மத்தியானம்தான் நான் அதை எடுத்தேன்"னு அவங்க கோவிச்சுக்கிட்டாங்க, ரெண்டு நாள் என் கையால காபி வாங்கிக் குடிக்கல. அதுலேர்ந்து முடிவை மட்டும் நோட்டோட பின்பக்கத்துலேர்ந்து எழுதறேன், முன்னாடி பக்க நம்பர் மட்டும் இருக்கும், 'பின்னாடி 37 பாக்கவும்'னு. இப்ப அத்தையே அவங்க கெஸ்ஸை எனக்குச் சொல்லி எழுதச் சொல்றாங்க. என்னைவிட நல்லா கண்டுபிடிக்கறாங்க, வேலைக்காரங்களை அவங்க விடறதே இல்ல.

நோட்டு எதுவா இருந்தாலும் சரிதான், ஆனா நகைக்கடைல குடுக்கற டைரி மட்டும் வேண்டாம், தேதி போட்டிருக்கும், பத்து நாள் படிக்காம விட்டா காலிப் பக்கம் நம்மைப் பாத்து முறைக்கும். லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு, ரெண்டு கலர் பேனா, போதும். போன்ல எழுதிப் பாத்தேன், போன் மாத்தினப்ப ஒரு வருஷக் குறிப்பு போயிடுச்சு. எல்லா புத்தகத்தையும் எழுதணும்னும் இல்ல, எழுதத் தோணலைன்னா விட்டுடுங்க.

எப்பவோ ஒரு நூலகத்துல எடுத்த பழைய துப்பறியும் நாவல், ரெண்டாவது அத்தியாயத்துல ஒரு பேருக்குக் கீழ பென்சிலால அழுத்தமா கோடு போட்டு 'இவன்தான் கொலைகாரன்'னு யாரோ எழுதி வெச்சிருந்தாங்க. எழுதின ஆளை வாயில வந்தபடி திட்டிட்டே படிச்சேன், முழுசும் படிச்சா, அவன் இல்ல. யாரோ என்னை மாதிரி ஒருத்தர் கெஸ் பண்ணியிருக்காங்க. தப்புன்னு தெரிஞ்சப்புறமும் வந்து அழிக்கல பாருங்க, அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.