எவ்வளவு சேர்ந்தால் போதும்? – கேள்வி பதில்

“இனிப் பணத்தைப் பற்றிப் பயமில்லை” என்று எந்தக் கட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்பது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒரே மாதிரியானவற்றை இணைத்துப் பதில் எழுதியுள்ளேன். குடும்பங்களின் வரவு செலவைத் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில் என்பதால் கணக்கு சற்றுத் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் ஒரு தொகையைச் சொல்லுங்கள் ஐயா. எவ்வளவு இருந்தால் ஒருவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று கொள்ளலாம்?

பதில்: தொகையாகச் சொன்னால் உங்களுக்குப் பயன்படாது, காலமாகச் சொன்னால் பயன்படும். இன்றோடு வருமானம் நின்றுபோனால், இப்போது வாழ்கிறபடியே, யாரிடமும் கை நீட்டாமல் எத்தனை மாதம் ஓட்ட முடியும் என்பதுதான் உங்கள் பாதுகாப்பின் அளவு. 60 பங்கு பணம் (தொகைக்குப் பதிலாகச் சொல்லும் அளவு இது, நிறுவனப் பங்கு அல்ல) வைத்திருந்து மாதம் 5 பங்கு செலவழிப்பவர் 12 மாதம் தாங்குவார். 40 பங்கு மட்டுமே வைத்திருந்து மாதம் 2 பங்கில் குடும்பம் நடத்துபவர் 20 மாதம் தாங்குவார். கையிருப்பை மட்டும் பார்ப்பவர் முன்னவரைத்தான் வசதியானவர் என்பார்.

ஆகவே முதலில் தெரிய வேண்டியது செலவு. மனக்கணக்காகச் சொல்லப்படும் மாதச் செலவு உண்மையைவிடக் குறைவாகவே இருப்பதைத் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மாதந்தோறும் வராத செலவுகள் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. கடந்த 12 மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, வெளியே போன மொத்தத்தைக் கூட்டி, அதில் சேமிப்புக்கும் முதலீட்டுக்கும் சென்றதைக் கழித்து, மீதியை 12-ஆல் வகுத்துப் பாருங்கள். காப்பீட்டுத் தவணை, கல்விக் கட்டணம், வண்டிப் பழுது, திடீரென்று நின்றுபோன சலவை இயந்திரம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். கீழே நான் சொல்லப்போகிற எந்தக் கணக்கும் இந்த எண் கையில் இல்லாமல் நகராது.

கேள்வி: 3 முதல் 6 மாதச் செலவுக்கான தொகையை அவசரகால நிதியாக வைத்திருக்கச் சொல்கிறார்கள். நான் தனியாகத் தொழில் செய்பவன், வருமானம் நிலையில்லை. எனக்கு அது போதுமா?

பதில்: போதாது. அந்த அளவு மாதச் சம்பளக்காரர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. வேலை போனால் அடுத்த வேலை கிடைக்கும்வரை தாக்குப்பிடிப்பதே அதன் நோக்கம். உங்களுக்கோ வேலை போகாமலேயே வருமானம் மெலியும் மாதங்கள் வரும், அதே மாதங்களில் உடம்புக்கும் முடியாமல் போகலாம். ஏறக்குறைய ஓராண்டுச் செலவை இலக்காகக் கொள்ளுங்கள். அதையும் இரண்டு கணக்குகளாகப் பிரித்து, ஒன்றில் வருமானம் முழுவதையும் போட்டு அதிலிருந்து மாதந்தோறும் உங்களுக்கு நீங்களே ஒரே அளவான சம்பளம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றொன்றை அவசரத்துக்கு அல்லாமல் தொடாதீர்கள்.

இந்த நிதியைப் பங்குச் சந்தையில் வைக்கலாமா என்று வேறு இருவர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். 2008-இல் பல நாடுகளில் சந்தையும் வேலைவாய்ப்பும் ஒன்றையொன்று ஒட்டியே சரிந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் பாதி விலைக்குப் பங்குகளை விற்று வாடகை கட்டும்படி ஆகும்.

கேள்வி: ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்ந்துவிட்டால் வேலையை விட்டுவிடலாம் என்கிறார்களே, இதை எந்த அளவுக்கு நம்பலாம்? எனக்கு வயது 41.

பதில்: குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். எந்த வேகத்தில் தின்றால் குன்று நம் ஆயுளுக்குள் மாளாது என்று கணக்கிட முயன்றவர்களில் ஒருவர் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர். 1926 முதலான அமெரிக்கப் பங்குகள், அரசுக் கடன் பத்திரங்கள், விலைவாசி ஆகியவற்றின் பதிவுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டிலும் ஒருவர் ஓய்வு பெற்றிருந்தால் அவருடைய பணம் எத்தனை காலம் வந்திருக்கும் என்று பார்த்து, 1994-இல் வெளியிட்டார். சேமிப்பில் பாதிக்குக் குறையாமல் பங்குகளிலும் மீதி கடன் பத்திரங்களிலும் இருக்க, முதல் ஆண்டில் 4 சதவீதத்தை எடுத்து, பின்னர் விலைவாசி உயர்வுக்கேற்ப அந்தத் தொகையை ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டு போனாலும், மிக மோசமான தருணத்தில் ஓய்வு பெற்றவருக்குக்கூட 30 ஆண்டுகள் பணம் தாங்கியிருந்தது. 100-ஐ 4-ஆல் வகுத்தால் வருவதே உங்கள் 25 மடங்கு. 1998-இல் டெக்சாஸிலுள்ள டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் செய்த ஆய்வும் இதை ஒட்டியே அமைந்தது. பெங்கன் பின்னாளில், முதலீட்டு வகைகளைக் கூட்டிப் பார்த்தபின், தம் எண்ணைச் சற்று உயர்த்தவும் செய்தார்.

ஆனால் இது ஒரு நாட்டின், அதுவும் சந்தை நன்றாக வளர்ந்த ஒரு நாட்டின், பழைய பதிவிலிருந்து எடுத்த எண். ஜப்பானின் நிக்கேய் பங்குச் சந்தைக் குறியீடு 1989 இறுதியில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டுவதற்கு 2024 ஆயிற்று. வரியையும் முதலீட்டு நிறுவனங்கள் பிடித்துக்கொள்ளும் கட்டணத்தையும் நீங்கள் தனியாகக் கழிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெங்கன் கணக்கிட்டது 30 ஆண்டுகளுக்கு. 41 வயதில் வேலையை விடுபவருக்கு 50 ஆண்டுகள் தேவைப்படலாம்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. இருவரிடம் ஆளுக்கு 100 பங்கு பணம் முழுவதும் சந்தையில் இருக்கிறது, இருவரும் ஆண்டு முடிவில் 5 பங்கு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முதல் ஆண்டில் சந்தை 30 சதவீதம் விழுந்து, அடுத்த ஆண்டில் 30 சதவீதம் ஏறுகிறது. மற்றவருக்கு இதே ஏற்ற இறக்கம் முன்பின்னாக மாறி வருகிறது. பணம் எடுக்காமல் இருந்தால் இருவரிடமும் 91 பங்கு மிஞ்சியிருக்கும். எடுத்ததனால், முதலாமவரிடம் 79.5 பங்கும் இரண்டாமவரிடம் 82.5 பங்கும் மிஞ்சுகின்றன. இரண்டே ஆண்டில் இவ்வளவு வேறுபாடு. ஓய்வு பெற்ற தொடக்க ஆண்டுகளில் சந்தை சரிந்தால், அப்போது விற்றுச் செலவழித்த பங்குகள் பின்னால் சந்தை ஏறும்போது கூடவே ஏறுவதற்குக் கையில் இருக்காது.

ஆகவே உங்கள் வயதில் 25 மடங்கை ஒரு மைல்கல்லாக மட்டுமே கொள்வேன். 30-இலிருந்து 33 மடங்கு இருக்கட்டும். அதோடு சந்தை சரியும் ஆண்டுகளில் செலவில் எந்தெந்தப் பகுதியைக் குறைக்கலாம் என்று இப்போதே குறித்து வைத்திருங்கள். செலவை வளைக்கத் தெரிந்தவருக்கு 28 மடங்கு தருகிற பாதுகாப்பு, வளைக்க மறுப்பவருக்கு 35 மடங்கிலும் கிடைக்காது.

கேள்வி: என் பணம் முழுவதும் வங்கி வைப்பில் பத்திரமாக இருக்கிறது. எனக்கு எதற்கு இந்தக் கவலையெல்லாம்?

பதில்: 72-ஐ விலைவாசி உயரும் வீதத்தால் வகுத்துப் பாருங்கள், விலை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பது தோராயமாகத் தெரியும். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டு. 24 ஆண்டில் நான்கு மடங்கு. வரி போக உங்களுக்கு நிற்கும் வட்டி அந்த வீதத்தை எட்டுகிறதா? எட்டாவிட்டால் அசல் அப்படியே இருக்கும், அதைக் கொண்டு வாங்கக்கூடிய பொருள் ஆண்டுக்காண்டு குறையும்.

கேள்வி: சொந்த வீட்டின் மதிப்பையும் சேமிப்போடு சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: விற்கவோ வாடகைக்கு விடவோ எண்ணமில்லாத வீட்டைச் சேர்க்காதீர்கள். அதன் பலன் வாடகை கொடுக்க வேண்டாத நிலையாக ஏற்கெனவே உங்கள் செலவுக் கணக்கில் வந்துவிட்டது. சேமிப்பிலும் சேர்த்தால் ஒரே பொருளை இருமுறை எண்ணியதாகும். பராமரிப்புச் செலவை மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: கிரெடிட் கார்டு கடனும் வீட்டுக் கடனும் இருக்கின்றன. கடனை அடைத்த பிறகுதான் சேமிக்க வேண்டுமா?

பதில்: ஒரு மாதச் செலவை மட்டும் முதலில் கையில் வைத்துக்கொண்டு, மீதி அனைத்தையும் அதிக வட்டிக் கடன்மேல் திருப்புங்கள். 30 சதவீத வட்டிக் கடனை அடைப்பது 30 சதவீதம் உறுதியாகத் தரும் முதலீட்டுக்குச் சமம். அப்படி ஒரு முதலீட்டை நேர்மையான எவரும் உங்களுக்கு விற்க மாட்டார். அந்த ஒரு மாதக் கையிருப்பு எதற்கென்றால், அது இல்லாதபோது அடுத்த சிறு செலவுக்கே மறுபடியும் அட்டையைத்தான் எடுப்பீர்கள். குறைந்த வட்டியுள்ள வீட்டுக் கடன் சேமிப்போடு கூடவே நடக்கலாம். அதன் தவணையை மாதச் செலவாக எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 26, இப்போதுதான் சம்பாதிக்கத் தொடங்கியிருக்கிறேன். 25 மடங்கு என்றதும் மலைப்பாக இருக்கிறது.

பதில்: இப்போதைக்கு அந்த இலக்கை விட்டுவிட்டு, ஓராண்டு உழைப்பில் எவ்வளவு காலத்தை வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். 100 பங்கு சம்பாதித்து 90 பங்கு செலவழித்தால், 9 ஆண்டு உழைத்து ஓராண்டுச் செலவைச் சேர்ப்பீர்கள். 80 செலவழித்தால் 4 ஆண்டில் சேரும். 50 செலவழித்தால் ஓராண்டுக்கு ஓராண்டு.

செலவைக் குறைப்பது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது என்பதையும் பாருங்கள். 80 செலவழிப்பவருக்கு 25 மடங்கு இலக்கு 2,000, ஆண்டுச் சேமிப்பு 20. முதலீட்டு வருவாயே இல்லை என்று வைத்தால் 100 ஆண்டு ஆகும். அவருக்குச் சம்பளம் 10 பங்கு உயர்ந்து செலவு மாறாதிருந்தால் சுமார் 67 ஆண்டு. சம்பளம் உயராமல் செலவு 10 பங்கு குறைந்தால், இலக்கும் 1,750 ஆகிவிடுவதால், சுமார் 58 ஆண்டு. முதலீடு வளர வளர இந்த ஆண்டுகள் வெகுவாகச் சுருங்கும், ஆனால் வரிசை அப்படியேதான் இருக்கும். அதற்காக இந்த வயதில் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாழச் சொல்லவில்லை. சம்பளம் உயரும் ஒவ்வொரு முறையும் அந்த உயர்வில் பாதியையாவது செலவுக்குத் தெரியாமல் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: என் கணக்கு சரியாகவே இருக்கிறது, ஆனால் உடன்பிறந்தோரும் உறவினரும் அடிக்கடி கைமாற்றுக் கேட்கிறார்கள். மறுக்கவும் முடியவில்லை.

பதில்: ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் செலவுக் கணக்கிலேயே எழுதிவிடுங்கள், திரும்பி வந்தால் வரவு, வராவிட்டால் ஏற்கெனவே போன பணம். பிறருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதீர்கள், ஏனென்றால் அதற்கு உங்கள் கணக்கில் எந்த உச்சவரம்பையும் எழுத முடியாது.

கேள்வி: வயது 63. ஆண்டுச் செலவைப் போல 40 மடங்கு இருக்கிறது, ஓய்வூதியமும் வருகிறது. இருந்தும் எதையாவது வாங்கப் போனால் கை வருவதில்லை, இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்றே தோன்றுகிறது.

பதில்: உங்களைப் போன்றவர்களின் கேள்விகள்தான் எண்ணிக்கையில் அதிகம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் டிவெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, கிடைப்பதால் வரும் மகிழ்ச்சியைவிட இழப்பதால் வரும் வலி பெரிது என்று காட்டியது. வாழ்நாள் முழுவதும் ஏறிக்கொண்டே இருந்த எண் முதன்முறையாக இறங்கும்போது, அது செலவாகத் தெரியாமல் இழப்பாகத் தெரிகிறது. கூடுதல் பணம் இதைத் தீர்க்குமா என்பதில் ஆய்வாளர்களே மாறுபட்டார்கள். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 75,000 டாலருக்கு மேல் அன்றாட மனநிலை உயர்வதில்லை என்று கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல் எழுதினார்கள். உயர்ந்துகொண்டேதான் போகிறது என்று மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் 2021-இல் மறுத்தார். பின்னர் 2023-இல் கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் சேர்ந்தே பதிவுகளை அலசி, பெரும்பாலோருக்கு உயர்கிறது, மனத்துயரில் இருக்கும் சிறுபான்மையினருக்கு மட்டும் ஓர் அளவுக்கு மேல் வருமானம் உதவுவதில்லை என்று கண்டார்கள். இந்தக் கடைசிப் பகுதி உங்களுக்குப் பொருந்துகிறதா என்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. எதை அஞ்சுகிறீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பெரிய நோய் என்றால் அதற்கு மருந்து மருத்துவக் காப்பீடு. 100 வயதுவரை வாழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்றால், ஆயுள் முழுவதும் மாதத் தொகை தரும் ஏற்பாட்டில் ஒரு பகுதியைப் போடலாம். பிள்ளைகளுக்கு என்றால் அவர்களுக்கான தொகையை இப்போதே தனியாகப் பிரித்துவிடலாம். “இன்னும் கொஞ்சம்” என்பது இவற்றில் எதற்கும் விடையில்லை. மீதியிலிருந்து மாதம் ஒரு தொகை தானாகவே செலவுக் கணக்குக்கு வந்து சேரும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். அசலில் கை வைக்கத் தயங்குபவர்கள் முதல் தேதி வந்து விழும் பணத்தைச் சம்பளம் போலத் தயக்கமின்றிச் செலவழிப்பதைப் பார்த்திருக்கிறேன். இதற்குப் பிறகும் பயம் குறையாவிட்டால், நிதி ஆலோசகரைவிட மனநல ஆலோசகரைப் பார்ப்பதே முறை; இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: சேர்ந்தது போதும் என்கிறார் கணவர், போதாது என்கிறேன் நான். இருவரில் யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் தனித்தனியே மூன்று எண்களை எழுதுங்கள்: ஆண்டுச் செலவு எவ்வளவு, எந்த வயதுவரை பணம் வர வேண்டும், அதில் யாருக்கெல்லாம் பொறுப்பேற்கிறோம். பெரும்பாலும் தகராறு இந்த எண்களில்தான் இருக்கும். ஒருவர் 80 வயதோடு கணக்கை முடித்திருப்பார், மற்றவர் 95 வரை நீட்டியிருப்பார். நீண்ட காலம் இருக்கப்போகிறவரை வைத்தே கணக்குப் போட வேண்டும். ஒருவர் போனபின் நின்றுவிடும் ஓய்வூதியம் எது, தொடர்வது எது, எந்தக் கணக்கில் நாமினி பெயர் இல்லை என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். அதன்பின், சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே, அவர் சொல்லும் செலவுத் தொகையில் ஓராண்டு வாழ்ந்து பாருங்கள். மிச்சம் முழுவதும் சேமிப்புக்குப் போகட்டும். ஆண்டு முடிவில் அந்தத் தொகைக்குள் குடும்பம் நடந்திருந்தால் அவர் கணக்கு சரி. மீறியிருந்தால், மீறிய தொகையை 25-ஆல் பெருக்கினால் இன்னும் எவ்வளவு சேர வேண்டும் என்பது உங்கள் இருவருக்குமே தெரிந்துவிடும்.