விடுதிக்கு வந்ததும் அன்றாடமே தடுமாறுகிறது. ஆக்குபேஷனல் தெரபி உதவுமா?

உதவும். எழுவது, துவைப்பது, படிப்பது போன்ற அன்றாட வேலைகளை ஒருவர் தானே சமாளிக்க வழி செய்யும் சிகிச்சை இது. வீட்டில் எழுப்பிவிட அம்மா, பள்ளியில் மணி. பல்கலைக்கழகம் போனதும் இரண்டும் ஒரேயடியாக இல்லாமல் போகின்றன. ஏடிஎச்டி (கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்தச் சிரமப்படும் நிலை), ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் சத்தம், வெளிச்சம் போன்றவற்றை உணர்வதும் வேறு மாதிரி இருக்கும் நிலை) உள்ளவர்களுக்கு அடி இன்னும் பலம். பந்தலைப் பிரித்த அவரைக்கொடி மாதிரிதான்: கொடியில் குறையில்லை, பிடிமானம் இல்லை.

தெரபிஸ்ட் முதலில் உங்கள் நேரம் எங்கே போகிறது என்று எழுதிவரச் சொல்லலாம். அப்புறம் பெரிய அசைன்மென்டைத் துண்டு போடுவது, சத்தம் தாங்காதவருக்கு நூலகத்தில் அமைதியான மூலை பார்ப்பது, மாத்திரையைப் பல் துலக்குவதோடு சேர்த்துப் பழக்குவது என்று போகும். ("ஒழுங்கா இரு" என்ற அறிவுரையைவிட எவ்வளவோ மேல்.) கல்லூரியில் வசதி இல்லையென்றால், வேலூர் சிஎம்சி போன்ற மருத்துவமனைகளில் இதற்குத் தனித் துறையே உண்டு.

சின்னக் குழந்தைகளுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த வரம்பும் கிடையாது.