ஓடி ஒளிந்த பிஷப்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை மூன்று ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. போன மாதம் எங்கள் சபையில் இரத்தசாட்சிகளைப் பற்றி ஒரு பிரசங்கம். சிமிர்னாவின் பிஷப்பாக இருந்து, விசுவாசத்துக்காகத் தீயில் இடப்பட்ட பொலிகார்ப்பின் கதையைப் போதகர் சொன்னார். பலர் அழுதார்கள், நானும்தான். கடைசியில், "உபத்திரவம் வரும்போது ஓடுகிறவனும் பணிந்துபோகிறவனும் யூதாஸுக்குச் சமம். இரத்தசாட்சிகளின் இரத்தமே சபையின் வித்து" என்று முடித்தார். எனக்கு உடம்பு கூசிப்போனது. பின்வரிசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. மிரட்டலுக்குப் பயந்து, இனி ஜெபக்கூட்டத்துக்குப் போக மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இருந்த இடத்தை விட்டு வந்தவர்கள் அவர்கள். அவர்கள் செய்தது மறுதலிப்பா? ஓடுவது பாவமா? உபத்திரவத்தில் சபை என்னதான் செய்ய வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் போதகர் பொலிகார்ப்பின் கதையைப் பாதியிலிருந்து தொடங்கியிருக்கிறார். பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். "86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை" என்று கிறிஸ்துவைப் பற்றி அவர் சொன்ன வரி காத்திருக்கும்போது முன்பக்கங்களைப் புரட்ட யாருக்குப் பொறுமை?

அந்த முன்பக்கங்களில் குவிந்துஸ் என்று ஒருவன் வருகிறான். பிரிகியாவிலிருந்து வந்தவன். யாரும் பிடிக்காமலே தானாகப் போய் நின்றான், தன்னோடு வேறு சிலரையும் உசுப்பிவிட்டு அழைத்துப்போனான். மிருகங்களைக் கண்டதும் நடுங்கிவிட்டான். ஆளுநர் நயமாகப் பேச, சத்தியம் செய்து பலியும் போட்டுவிட்டான். சம்பவத்தை எழுதிய சிமிர்னா சபையார் அங்கேயே நிறுத்தி, இதனால்தான் தாமாகப் போய்த் தங்களை ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் புகழ்வதில்லை, சுவிசேஷம் அப்படிப் போதிக்கவில்லை என்று எழுதுகிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில், பொலிகார்ப்பை நேரில் அறிந்தவர்கள் எழுதியது இது.

பொலிகார்ப்போ ஓடினார். ஊரிலேயே இருக்கத்தான் நினைத்தார். மற்றவர்கள் வற்புறுத்தியதால் பக்கத்தில் ஒரு பண்ணைக்குப் போனார். தேடி வருகிறார்கள் என்றதும் அங்கிருந்து இன்னொரு பண்ணைக்கு. அங்கும் வந்துவிட்டார்கள். அப்போதும் தப்பியிருக்கலாம், போதும் என்று மாடியிலிருந்து இறங்கி வந்தார். பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு வைக்கச் சொன்னார், ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார், நின்றபடியே இரண்டு மணி நேரம் ஜெபித்தார். எனக்கு அந்தத் தீயைவிட இந்தச் சாப்பாடு பெரிதாகத் தெரிகிறது.

ஆக, ஓடுவது பாவமா என்ற கேள்வியை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. "ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறுபட்டணத்திற்கு ஓடிப்போங்கள்" என்பது மத்தேயு 10:23. பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கினார்கள். பின்னாளில் அவரே ரோமக் குடியுரிமையைச் சொல்லி அடியிலிருந்து தப்பினார், இராயனுக்கு அப்பீல் செய்தார். சட்டத்தைப் பிடித்துக்கொள்வது விசுவாசக் குறைவு என்று சொல்பவர்கள் அப்போஸ்தலர் நடபடிகளை இன்னொரு தடவை படிக்கலாம்.

அப்புறம் அந்த வித்து. வாக்கியம் வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனுடையது, சுமார் 197ஆம் ஆண்டு. ரோம ஆட்சியாளர்களைப் பார்த்து, வெட்டுங்கள், வெட்ட வெட்ட நாங்கள் பெருகுவோம், கிறிஸ்தவர்களின் இரத்தம் வித்து என்று சவால் விடுகிறார். அடிக்கிறவனிடம் சொன்னதை நாம் அடிபடுகிறவனிடம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதே தெர்த்துல்லியன் பிற்காலத்தில், உபத்திரவத்தில் ஓடவே கூடாது என்று தனியாக ஒரு நூலும் எழுதினார். சபை அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்வி, அந்தக் கையெழுத்து. 1,700 ஆண்டுகளுக்கு மேல் பழைய கையெழுத்து இது.

250ஆம் ஆண்டில் ரோமப் பேரரசன் தேசியுஸின் கட்டளைப்படி, எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதிகாரிகள் முன்னால் அதைச் சுவைத்து, சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எகிப்தின் மணலில் அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் அவுரேலியுஸ் தியோகெனேஸ் என்ற கிழவரின் விவரம் இருக்கிறது: வயது 72, வலது புருவத்தில் தழும்பு. எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டே வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன் பலியிட்டேன், சான்றளியுங்கள் என்று மனு. அவர் கிறிஸ்தவர் என்று அர்த்தமில்லை, எல்லாரும்தான் வாங்கினார்கள். ஆனால் கிறிஸ்தவர்களும் கூட்டம் கூட்டமாக வாங்கினார்கள். சிலர் நிஜமாகவே பலியிட்டார்கள், சிலர் தூபம் மட்டும் போட்டார்கள். வேறு சிலர் எதுவுமே செய்யாமல் காசு கொடுத்துக் காகிதத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சபை இந்த மூன்று வகையையும் தனித்தனிப் பெயர் வைத்துப் பிரித்துப் பார்த்தது. இந்தப் பிரிப்புக்குள் ஒரு கருணை இருக்கிறது. உங்கள் போதகர் எல்லாரையும் யூதாஸ் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்.

அப்போது வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் பிஷப் சிப்ரியன். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஓடி ஒளிந்தார். மறைவிடத்திலிருந்து கடிதம் எழுதிச் சபையை நடத்தினார். ஏழைகளுக்கும் சிறையிலிருப்பவர்களுக்கும் பணம் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டார். ரோமிலிருந்த குருக்கள், ஓநாயைக் கண்டதும் ஆடுகளை விட்டு ஓடும் கூலிக்காரனைப் பற்றி ஜாடையாக ஒரு கடிதம் அனுப்பினார்கள். சிப்ரியன் அதைத் திருப்பி அனுப்பி, எழுத்தையும் தாளையும் பார்த்தால் நிஜமாகவே உங்கள் கடிதம்தானா என்று சந்தேகமாக இருக்கிறது, சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். மனிதர் லேசுப்பட்டவர் இல்லை.

251இல் திரும்பி வந்தபோது வாசலில் நின்றது பெரிய கூட்டம், பணிந்துபோனவர்களின் கூட்டம். இவர்களை என்ன செய்வது? ஒரு பக்கம், சிறையில் சித்திரவதைப்பட்டவர்களில் சிலர், இவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தாராளமாகச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம், ரோமில் நோவாசியன் என்ற குரு, விழுந்தவர்களுக்குச் சபையில் இனி இடமே இல்லை என்று தனிச்சபை கண்டார். கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் நடுவில் ஒரு வழி பிடித்தார்கள். காகிதம் மட்டும் வாங்கியவர்களை, ஒவ்வொருவர் நிலைமையையும் விசாரித்து, தவத்துக்குப் பிறகு சேர்த்துக்கொள்வது. பலியிட்டவர்கள் தொடர்ந்து தவம் செய்ய வேண்டும், சாகும் தறுவாயில் ஒப்புரவு உண்டு. சில காலத்திலேயே அடுத்த உபத்திரவம் வரும்போலத் தெரிந்ததும் இன்னும் இளகினார்கள். தவத்திலிருந்த எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். சொன்ன காரணம்தான் என்னை ஒவ்வொரு முறையும் உட்கார வைக்கிறது: போருக்குப் போகப்போகிறவனுக்கு ஆயுதம் கொடுக்காமல் அனுப்பலாமா? விழுந்தவன் மறுபடி நிற்கக்கூடும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள்.

ஓடியவரே நின்றும் காட்டினார். 258இல், தன்னை வேறு ஊருக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று அறிந்து சிப்ரியன் மறுபடி கொஞ்ச நாள் மறைந்தார். பிஷப் தன் மக்கள் நடுவில்தான் சாக வேண்டும் என்பது அவர் எண்ணம். செப்டம்பர் 14 அன்று விசாரணை. பலியிடு என்றார் ஆளுநர். மாட்டேன். யோசித்துக்கொள். இவ்வளவு தெளிவான விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. தீர்ப்பைக் கேட்டதும் "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றார். தன்னை வெட்டப்போகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார்.

1614க்குப் பிறகான ஜப்பானைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே வித்துக் கணக்கு சரியாக வரவில்லை. கிறிஸ்தவத்துக்கு நாடு முழுக்கத் தடை. ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். அந்த நூற்றாண்டின் நடுவில் வெளியே தெரிகிற சபை என்று அங்கே எதுவுமில்லை. நாகசாகி பகுதியில் ஆண்டுதோறும் கிறிஸ்துவின் உருவத்தையோ மரியாளின் உருவத்தையோ மிதித்துக் காட்ட வேண்டும். மிதித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மனஸ்தாப ஜெபம் சொன்னார்கள். குருவே இல்லாமல் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் வெளிநாட்டவருக்காகப் புதிதாகக் கட்டிய ஓவுரா ஆலயத்துக்கு உரகாமி கிராமத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்தது. ஒரு பெண் பிரெஞ்சுக் குருவின் அருகில் வந்து, எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றுதான் என்றாள். சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். 250 ஆண்டுகள் அந்த விசுவாசத்தைக் கைமாற்றி வந்தவர்கள், மிதித்தவர்களின் பிள்ளைகள்.

இரத்தசாட்சிகளை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் முன்னால் நான் எம்மாத்திரம்? நம் மொழியில் அந்தச் சொல்லே அழகு. இரத்தசாட்சி என்றாலும் மறைசாட்சி என்றாலும், சாட்சி என்ற மூலக் கிரேக்கப் பொருள் உள்ளே அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த மகுடத்தை எடுத்து, பிழைத்தவன் தலையில் அடிக்கக் கூடாது.

சபை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். 203இல் விசுவாசத்துக்காகக் கார்த்தேஜ் சிறையில் இருந்த பெர்பெத்துவா, கைக்குழந்தைக்காரி, ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள். இரண்டு உதவிக்குருக்கள் காவலர்களுக்குக் காசு கொடுத்து, அவளையும் உடனிருந்த கைதிகளையும் சில மணி நேரம் சிறையின் நல்ல பகுதிக்கு மாற்ற ஏற்பாடு செய்தார்களாம். அங்கேதான் அவள் பசியில் துவண்டிருந்த குழந்தைக்குப் பால் கொடுத்தாள். தெர்த்துல்லியன் கேட்டிருந்தால் நிச்சயம் கோபப்பட்டிருப்பார். எனக்கு அந்த இரண்டு பேரையும் ரொம்பப் பிடிக்கும்.

உங்கள் கடிதத்தில் ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் ஆராதனைக்கு வந்ததா?