துர்க்கைமை நீங்கள் படித்தீர்களா, துர்க்கைமைப் பற்றிப் படித்தீர்களா?

கேள்வி: சமூகவியலில் ஆய்வு செய்கிறேன். தற்கொலை பற்றிப் பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் சொன்னதை வேறொருவர் நூலில்தான் படித்தேன். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் முறையில் துர்க்கைம் பெயரை மட்டும் போட்டால் போதுமா? ஆண்டு 1897-ஆ, 1951-ஆ?

பதில்: போதாது. துர்க்கைம் பெயரை மட்டும் போட்டால், அந்த நூலை நீங்களே திறந்து படித்ததாகத்தான் அர்த்தம். இடையில் இருப்பவர் ஒரு சொல்லை விட்டிருந்தாலோ பக்க எண்ணைத் தவறாகத் தந்திருந்தாலோ, அந்தப் பிழை இனி உங்கள் பெயரில் போகும். அதனால் வாக்கியத்தில் துர்க்கைமையும் 1897-ஐயும் சொல்லிவிட்டு, அடைப்புக்குறிக்குள் 'எடுத்துக்காட்டியவர்' என்று நீங்கள் படித்த ஆசிரியரின் பெயரையும் அவர் நூலின் ஆண்டையும் கொடுங்கள். கடைசியில் வரும் நூற்பட்டியலில் நீங்கள் படித்த நூல் மட்டும் இருக்கட்டும், துர்க்கைம் வேண்டாம்.

ஆனால் இது மூல நூல் கைக்கு எட்டாதபோது செய்வது. துர்க்கைமின் நூல் எட்டாத நூல் அல்ல. தேடி எடுத்து, அந்தப் பகுதியையாவது படித்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

சரி, படித்துவிட்டீர்கள். இப்போது ஆண்டு. பிரெஞ்சு மூலம் வந்தது 1897-இல், ஆங்கில மொழிபெயர்ப்பு 1951-இல். மொழிபெயர்ப்பைப் படித்திருந்தால் (துர்க்கைம், 1897/1951) என்று இரண்டையும் எழுத வேண்டும். துர்க்கைம் 1917-லேயே இறந்துவிட்டார். வெறும் 1951 என்று போட்டால், அவர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுதியதாகத் தோன்றும். வெறும் 1897 என்றால், நீங்கள் தரும் பக்க எண்ணை வாசகர் பிரெஞ்சு நூலில் தேடுவார், கிடைக்காது. நூற்பட்டியலில் 1951, மொழிபெயர்ப்பாளர்கள் பெயர், இறுதியில் மூலம் வெளியான ஆண்டு, மூன்றும் வர வேண்டும். மேற்கோள் மென்பொருள் தானாக இழுத்து வரும் விவரத்தில் மூல ஆண்டு பெரும்பாலும் இருக்காது, கையால்தான் சேர்க்க வேண்டும்.

அப்புறம், பழைய ஆய்வேட்டைப் பார்த்து வடிவத்தை நகல் எடுக்காதீர்கள். ஏபிஏ 7ஆம் பதிப்பில் பதிப்பக ஊர்ப் பெயர் தேவையில்லை. மூன்று பேருக்கு மேல் எழுதிய கட்டுரை என்றில்லை, மூன்று பேர் என்றாலே முதல் முறையிலிருந்தே முதல் பெயரும் 'மற்றும் பிறர்' என்பதும் போதும். 40 சொல்லுக்குக் குறையாத நேர் மேற்கோளை மேற்கோள்குறி இல்லாமல் உள்தள்ளித் தனிப் பத்தியாக்குங்கள். அனுப்பப்போகும் ஆய்விதழ் வேறு விதி சொன்னால், அதன்படியே செய்யுங்கள்.