வேர் சிகிச்சைக்குப் பிறகும் ஏன் வலிக்கிறது?

கேள்வி: கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு முந்தாநாள் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) முடிந்தது. டாக்டர் கையாலேயே, வேரைச் சுரண்டும் ஊசியை விட்டுத் திருகினார். இப்போது ரொட்டி சானாய் கடித்தாலே சுரீர் என்கிறது. மெஷினில் செய்துகொண்ட என் நாத்தனாருக்கு வலியே இல்லையாம். நான் ஏமாந்துவிட்டேனா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஏமாறவில்லை அம்மா. ஆனால் நாத்தனார் பேச்சிலும் விஷயம் இருக்கிறது. பல்வேருக்குள் ஓடும் வேர்க்குழாயைச் சுரண்டும்போது தூள், செத்த திசு, கிருமி எல்லாம் கொஞ்சமாவது வேர்நுனியைத் தாண்டி எலும்புப் பக்கம் போய்விடும். எந்தக் கருவியிலும் இது நடக்கும். அங்கே ஏற்படும் அழற்சிதான் உங்கள் 'சுரீர்'. கை ஊசியை மேலும் கீழுமாக இழுத்துத் தேய்த்தால், சைக்கிள் பம்பு மாதிரி, தூளை நுனிக்கே தள்ளும். மோட்டாரில் சுழலும் நிக்கல்-டைட்டானியம் ஊசி பெரும்பாலும் வாய்ப்பக்கம் அள்ளி வரும். முதல் ஓரிரு நாள் வலி அதில் சற்றுக் குறைவு என்றுதான் பல ஆய்வுகளும் சொல்கின்றன.

அதற்காகக் கை ஊசி மட்டம் என்றில்லை. நுனி 0.10 மில்லிமீட்டரே உள்ள 10-ஆம் எண் ஊசியை நான் இன்றும் கையால்தான் முதலில் இறக்குகிறேன். வேரின் நீளத்தைச் சரியாக அளந்து, அடிக்கடி மருந்துநீரால் கழுவுவதும் முக்கியம். (மெஷின் வாங்கியவர் எல்லாம் பொறுமைசாலி என்று யார் சொன்னது?)

சிகிச்சைக்கு முன்பே கடுமையாக வலித்த பல், பின்பும் வலிக்கும் வாய்ப்பு அதிகம். பொதுவாக ஒரு வாரத்தில் அடங்கும். அதுவரை மறுபக்கம் மெல்லுங்கள். ஒத்துக்கொள்ளும் என்றால் பாரசிட்டமால் போதும். கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், லேசாகத் தேய்த்துவிடுவார்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போய்விடுங்கள்.